நடுவில் ஓட்டை போட்ட வட்டில்

கல்யாண மண்டபத்தை விட்டு வெளியே வந்து, பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பாதி தூரம் நடந்துவிட்டேன். பாட்டு இன்னும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. உச்சி வெயில். வயிற்றில் பாயசம். கையில் தாம்பூலப் பை, அதற்குள் ஒரு தேங்காய். நடக்க நடக்க முழங்காலில் இடிக்கிறது. இந்த வயதில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தபோதுதான் பாட்டு ஓரிடத்தில் சட்டென்று நின்றது. 'ச்சிஸ்' என்று ஒரு தெறிப்பு. அப்புறம் மறுபடி கிளம்பியது. பாட்டு கிளம்பிவிட்டது, நான் நின்றுவிட்டேன்.

மேடையில் டிரம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். பந்திக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருந்தேன். இஸ்திரி போடுகிற பலகை மாதிரி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே ஒருவர் நின்றார். வேண்டிய சத்தமெல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு பொத்தானை விரலால் அமுக்கினால் 'ச்சிஸ்'. அமுக்கிவிட்டு அதே விரலால் மூக்கையும் சொறிந்துகொண்டார். குறையாகச் சொல்லவில்லை, நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் அந்த ஒரு சத்தத்துக்காக நான் ஒரு வாரம் மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் அலைந்திருக்கிறேன். ஒரு தெருவையே சாவுத் தெருவாக்கியிருக்கிறேன். அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எட்டாம் வகுப்பில் பாதியோடு படிப்பை நான் விட்டேன் என்று வெளியில் சொல்வதுண்டு. உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. அதற்குப் பிறகு பஞ்சு அரைக்கிற மில்லில் இருந்தேன். தும்மித் தும்மி மூக்கு வீங்கியது. சாயப் பட்டறையில் இருந்தேன். முழங்கை வரைக்கும் நீலமாகி, சோறு பிசைந்தால் சோறும் நீலமாகிற மாதிரி ஒரு சந்தேகம். நரிக்குடிப் பக்கம் ஆட்டு லோடு ஏற்றுகிற லாரியில் கிளீனராக இருந்தேன். அந்த வாசனை என்னை விட்டுப் போக ஒரு மாதம் ஆனது. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் இருக்காது. ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டும்போது கால் வேறு பக்கம் திரும்பும். அவ்வளவுதான்.

கையும் சும்மா இருக்காது. மில்லில் பஞ்சுப் பொதிமேலும், லாரியில் டீசல் தகரத்தின்மேலும் தட்டிக்கொண்டே இருப்பேன். இப்படித் தட்டுவதைப் பார்த்துத்தான் செல்வராஜ் என்னைப் பிடித்தார். அவர் அருப்புக்கோட்டையில் தையல் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர். அப்பா போன பிறகு ஆர்மோனியம் இவருக்கு வந்தது, வேதப் பாட்டோடு சினிமாப் பாட்டும் சேர்ந்துகொண்டது. மிஷினை மிதிக்கிற காலிலேயே தாளம் போடுவார். பாட்டு வேகமாகப் போனால் ஜாக்கெட்டில் தையல் கோணும். அவர் ஆர்மோனியமும் பாட்டும், அவர் மச்சினன் பொத்தானை அமுக்கித் தந்தியை மீட்டுகிற புல்புல்தாரா, நான் டிரம். மூன்று பேர்தான் கச்சேரி. கல்யாண வீட்டுப் பந்தி நேரத்தில் வாசிப்போம்.

டிரம் என்று சொன்னேனே தவிர, அது ஒரே இடத்தில் பிறந்ததில்லை. கலைந்துபோன ஒரு பேண்டு செட்டிலிருந்து பெரிய டிரம் ஒன்று, பக்க டிரம் ஒன்று. காலால் அடிக்கிற கட்டையை சைக்கிள் கடையில் பிரேக் கம்பியை வைத்துச் செய்துகொண்டோம். பேண்டுக்காரர் கையில் பிடித்து அடிக்கிற பித்தளைத் தட்டு ஒன்றைக் குடைக்கம்பி நட்டு அதன்மேல் மாட்டியிருந்தேன். அது 'ஜங்' என்று எப்போதும் ஒரே சத்தம் போடும், கோபக்காரச் சித்தப்பா மாதிரி. ஆனால் அப்போது வந்த பாட்டுகளில் ஒரு வழக்கம் புதிதாக வந்திருந்தது. பாட்டு ஓரிடத்தில் மொத்தமாக நிற்கும். அந்த வெற்றிடத்தில் சின்னதாக ஒரு தெறிப்பு விழும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. விழுந்ததும் செத்துவிடும். அப்புறம் பாட்டு கிளம்பும். எங்களிடம் அந்தத் தெறிப்பு இல்லை.

"ஏலே, பாட்டு நிக்கிற எடத்துல நீ என்னத்தையாவது போடணும்ல" என்பார் செல்வராஜ். "சனம் கரண்டு போச்சுன்னு மேல பாக்குதுலே."

"என்ன போட? வேணும்னா தும்மவா?"

"தும்மு. ஆனா தாளத்துல தும்மு."

இந்தப் பேச்சு சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது. அடுத்த வியாழக்கிழமை திருச்சுழியில் ஒரு பெரிய கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அப்பாவுக்கு நல்ல வியாபாரம். அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் வரும். அங்கே நன்றாக வாசித்தால் அந்த ஆவணி முழுக்க எங்களுக்குக் கல்யாணம் கிடைக்கும். அன்றைக்கு செல்வராஜ் சிரிக்காமல் சொன்னார்:

"பாலவனத்தத்து ஞானதுரைக்குச் சொல்லி விட்டிருக்கேன். அவுககிட்ட எல்லாத் தட்டும் சொந்தமா இருக்கு. வியாழக்கெழம அவுகளும் வாராக. ஒனக்கு அந்தச் சத்தம் வந்திருச்சுன்னா நீயே வாசி. வரலைன்னா எந்திரிச்சு அவுகளுக்கு எடத்தக் குடு. கோவிச்சுக்கிராத."

கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்று சட்டையை மாட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். எட்டு மாதமாக என் கால் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. டிரம்முக்குப் பின்னால் இருந்த அந்த மடக்கு நாற்காலியில்தான் நான் இருக்க நினைத்தேன். பிறந்ததிலிருந்து அப்படி நினைத்தது அது முதல் தடவை.

சரி, வாங்கிவிடலாம் என்று இருவரும் மதுரைக்குப் போனோம். வாத்தியக் கடையில் அந்தத் தெறிப்புச் சத்தம் போடுகிற தட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு சாண், அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான் அகலம். விலையைக் கேட்டதும் செல்வராஜ், "இதுக்கு எத்தன தையல் மிஷின் வரும் தெரியுமாலே" என்று என் காதில் சொன்னார். கடைக்காரருக்கும் கேட்டுவிட்டது.

"வாங்குறீகளா, பாக்குறீகளா?"

"பாத்துட்டு வாங்குறோம்" என்றேன்.

"பாக்குறதுன்னா ஒரே ஒரு அடி" என்று குச்சியைக் கொடுத்தார்.

நல்ல மனிதர், அந்த ஒன்றையும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அடித்தேன். 'ச்சிஸ்.' தெருவில் போன ஜட்கா வண்டிக் குதிரைகூட ஒரு முறை காதை ஆட்டியது. அவ்வளவு சுத்தம். குச்சியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். வாங்க முடியாதென்று ஆகிவிட்டது. ஆனால் சத்தத்தைக் கேட்டாயிற்று. அதைக் காதில் வைத்துக்கொண்டே போய் அருப்புக்கோட்டையில் அதே மாதிரி சத்தம் போடுகிற தகரமோ தட்டோ தேடுவது என்று முடிவு செய்தேன். நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்ணைப் போலப் பஸ்ஸில் ஏறி, ஜன்னலைச் சாத்தி, காதைத் துண்டால் கட்டிக்கொண்டேன்.

காரியாபட்டியில் செல்வராஜ் வறுத்த கடலை வாங்கி நீட்டினார். வேண்டாமென்று தலையாட்டினேன்.

"ஏன்லே?"

"மெல்லுற சத்தம் காதுக்குள்ள கேக்கும். காதுல வச்சிருக்கேன்ல."

"வச்சிரு, வச்சிரு. அதுக்கும் சேத்து டிக்கெட்டு கேக்கப்போறான்" என்று என் பங்கையும் அவரே தின்றார். கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

அருப்புக்கோட்டையில் இறங்கி நேராகப் பாத்திரக் கடைக்குப் போனேன். கடையில் எப்போதும் பாக்கியம் அக்காதான் இருப்பார். அவருடைய வீட்டுக்காரர் சரக்கு எடுக்க ஊர் ஊராகப் போகிறவர். விற்பது, பழையதை வாங்குவது எல்லாம் அக்காதான். அப்போது எவர்சில்வர் வந்திருந்த நேரம். வெண்கலத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மினுமினுவென்று எவர்சில்வரை வாங்கிப் போவார்கள். கடையில் நுழைந்தாலே புளியும் சாம்பலும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். பத்து வீட்டு அடுப்படியை ஒன்றாகச் சேர்த்த வாசனை.

எங்கள் பக்கம் பாத்திரத்தைக் கண்ணால் பார்த்து வாங்கமாட்டார்கள். மூன்று விரல் நுனியில் ஏந்திக்கொண்டு, மடக்கிய விரலால் ஒரு தட்டு தட்டுவார்கள். சத்தம் நீளமாகப் போக வேண்டும். எவ்வளவுக்கு நீளுகிறதோ அவ்வளவுக்கு நல்ல பாத்திரம். சட்டென்று நின்றால் எங்கேயோ கீறல் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல சத்தம் என்றால் நீளமான சத்தம் என்பது அந்த ஊரில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் தப்புச் செய்தது அங்கேதான். மூடி மூடியாகத் தட்டினேன். ஒரு வெண்கல மூடி, நடுவில் பிடிவளையம் உள்ளது, மதுரைச் சத்தம் மாதிரியே தொடங்கியது. "இதான்!" என்று கத்தினேன். அக்காவும் தட்டிப் பார்த்து, "நல்ல மூடியாத்தான் எடுத்திருக்க" என்றார். சேரவில்லையென்றால் நசுங்காமல் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தார். தொடக்கத்தைக் கேட்டேன், முடிவைக் கேட்கவில்லை.

தையல் கடையின் பின்கட்டில்தான் ஒத்திகை. சுற்றிலும் நெசவாளர் வீடுகள். காலை முழுக்கத் தறிச் சத்தம். மூடியை வளையத்தில் கயிறு கோத்துத் தொங்கவிட்டேன். செல்வராஜ் பாடி நிறுத்தினார். நான் அடித்தேன்.

'ண்ங்ங்ங்...'

அது நிற்கவில்லை. செல்வராஜ் அடுத்த இரண்டு அடியையும் பாடி முடித்துவிட்டார், மூடி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. கேட்டது சரிதானா என்று பார்க்க இன்னொரு தடவை அடித்தேன். அப்புறம் மூன்றாவது தடவை. தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பக்கத்து வீட்டு அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"செல்வராசு... எதுத்த வீட்டுப் பெரியவுகளாப்பா? எப்ப?"

எங்களுக்குப் புரியவில்லை. அதற்குள் தெருவே கூடிவிட்டது. ஒரு வீட்டில் உலையை இறக்கிவிட்டார்கள். இன்னொருவர் வெளியூர் மகளுக்குத் தந்தி கொடுக்க சைக்கிளை எடுத்துவிட்டார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் வெண்கலத்தைத் தொங்கவிட்டுக் குச்சியால் அடிக்கிற இடம் ஒன்றுதான். சாவு வீட்டில் சங்கோடு சேர்த்து அடிக்கிற சேகண்டி.

எதிர் வீட்டுப் பெரியவர் மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். கதவைத் திறந்துகொண்டு கம்பை ஊன்றி அவரே வெளியில் வந்தார்.

"எவன்லே எனக்குச் சேகண்டி அடிச்சது? நான் இன்னும் இருக்கேன்ல!"

கூட்டம் பின்வாங்கியது. பிறகு சிரித்தது. பிறகு என்னைத் திட்டியது. உலையை இறக்கிய அம்மாதான் அதிகம் திட்டினார். அவர் வீட்டு அரிசி வடிக்காமல் கிடந்து குழைந்துபோயிற்று. ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபத்தில் எழுந்த பெரியவர் அப்புறம் படுக்கவே இல்லை. வெகுகாலம் நடமாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கம்பை ஓங்குவார்.

செல்வராஜ் மிஷின் பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கல்யாண வீட்டுல இத அடிச்சோம்னா அடுத்தது நம்மளத்தான் தூக்குவாக" என்றார். இரண்டு நாள்தான் இருந்தது.

மறுநாள் மூடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"என்ன, சேரலையா?" என்றார் அக்கா.

"சத்தம் நிக்க மாட்டேங்குதுக்கா."

"நல்ல வெங்கலம்னா அப்பிடித்தான்."

"எனக்குக் கெட்டது வேணும்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். எவர்சில்வர் தூக்கு வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். "கலியாணம் ஆன நாளா இந்தக் கடையில உக்காந்திருக்கேன். கெட்டதக் குடுன்னு கேட்டு வந்த மொத ஆளு நீதான். அந்தா கெடக்கு, போய்த் தட்டு" என்று பழைய பாத்திரக் குவியலைக் காட்டினார்.

மத்தியானம் வரை உட்கார்ந்து தட்டினேன். மதுரைச் சத்தம் காதில் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனாலும் அதன் முடிவு மட்டும் நன்றாக நினைவிருந்தது, கத்தியால் நறுக்கின மாதிரி. இடையில் ஒரு கும்பாவைத் தட்டினேன். கஞ்சி குடிக்கிற சாதாரணக் கும்பா. சத்தம் நீளமாகத்தான் போனது, ஆனால் போகிற வழியில் எங்கேயோ ஒரு நடுக்கம்.

"அக்கா, இது கீறல்."

"போடா. போன வாரந்தான் தட்டிப் பாத்து நல்ல வெல குடுத்து வாங்கினேன்."

"நீங்க தட்டினீக. முடிவைக் கேட்டீகளா?"

நான் அந்தப் பாடத்தைப் படித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் பெரிய ஆள் மாதிரி சொன்னேன். அக்கா கும்பாவை வாங்கி, தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள்மேல் வைத்தார். அப்படியே விட்டுவிட்டு விற்பனையைப் பார்த்தார். அரை மணி கழித்துத் தூக்கினால் தாளில் ஒரு ரூபாய்க் காசளவு ஈரம். என்னை ஒரு பார்வை பார்த்தார். பாராட்டவில்லை, அடுத்தவன் வீட்டில் ரகசியத்தைக் கேட்டவனைப் பார்க்கிற பார்வை.

கொஞ்ச நேரத்தில் அது கிடைத்தது. ஒரு வட்டில். எந்த வீட்டிலோ யாரோ தினமும் சோறு போட்டுத் தின்ற வெண்கலத் தட்டு. வருடக்கணக்காகப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெற்றிலை மாதிரி மெலிந்திருந்தது. விளிம்பிலிருந்து உள்ளே இரண்டு விரல் நீளத்துக்குக் கீறல். விரல் நுனியில் ஏந்திக் குச்சியால் அடித்தேன்.

'ச்சிஸ்.'

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்ப்பதற்குள் சத்தம் செத்துவிட்டது. அதுதான். அதேதான்.

"இதக் குடுங்கக்கா."

"அது விக்கிறதுக்கு இல்ல."

அந்தக் கடையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கீறல் விழுந்த பாத்திரம் முழுசாக வெளியே போகக்கூடாது. சுத்தியலால் உடைத்து, துண்டாக்கி, உருக்குகிறவனுக்குப் போகிற சாக்கில்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது மெழுகை வைத்து அடைத்து, இன்னொரு வீட்டுக்கு விற்றுவிடுவார்கள். கீறல் வட்டிலில் தின்கிற வீடு விளங்காது என்பது ஒரு பக்கம். அக்கா கடையில் வாங்கியது என்று ஊர் சொல்லும் என்பது இன்னொரு பக்கம். கையெட்டும் இடத்தில் சுத்தியல் கிடந்தது. அக்கா அதை எடுத்தேவிட்டார்.

"அக்கா, நான் இதுல சோறு திங்கப் போறதில்ல. கம்பில மாட்டப் போறேன்."

"இன்னைக்கு மாட்டுவ. நாளைக்கு ஓடிப்போவ. ஒன் காலு ஒரு எடத்துல நிக்காதுன்னு ஊரே சொல்லுது. அப்பறம் இது யாரு வீட்டு அடுப்படிக்குப் போகும்?"

வட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கமென்றால்கூட அப்படிப் பிடித்திருக்கமாட்டேன். அக்கா சுத்தியல் முனையால் வட்டிலைக் காட்டினார்.

"கம்பில எப்பிடி மாட்டுவ?"

"நடுவுல ஓட்டை போட்டு."

"எம்புட்டு ஓட்டை?"

"சுண்டுவெரல் போற அளவு."

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். "நடுவுல ஓட்டை விழுந்தா அதுல ரசம் நிக்குமா? நிக்காது. அப்ப அது வட்டில் இல்ல. ஒடச்ச கணக்குத்தான்." தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்ட மாதிரி தலையாட்டினார். "ஆனா என் கண்ணு முன்னால ஓட்டை போடணும். நாளைக்கே ரெண்டா நாலா ஒடஞ்சாலும் துண்டையெல்லாம் கொண்டாந்து இந்தச் சாக்குல போடணும்."

கைப்பிடி பொருத்துவதற்காகக் கடையில் கையால் சுற்றுகிற துளைக்கருவி ஒன்று இருந்தது. நான் சுற்றினேன், சூடேறாமல் அக்கா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். வெண்கலம் கோபித்துக்கொண்டால் அப்படியே சிதறிவிடும். கீறல் ஒரு நெல் அளவு நீண்டது. சுற்றுவதை நிறுத்தினேன். கீறலும் நின்றது, மிச்சத்தை மெல்லச் சுற்றினேன். பழைய வெண்கல விலைக்குக் கொடுத்தார். மதுரைக்குப் போய்வந்த பஸ் செலவுதான் அதைவிட அதிகம்.

வியாழக்கிழமை திருச்சுழி. தென்னங்கீற்றுப் பந்தல், முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. ஞானதுரை சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவர் தட்டுகளைக் கைலியில் சுற்றிப் பின்னால் கட்டியிருந்தார். முன்வரிசையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். நான் எதிரியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவரோ மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மிக்சர் ஊட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பாட்டு. செல்வராஜ் நிறுத்தினார். அடித்தேன். 'ச்சிஸ்.' பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியோடு நின்று மேடையைப் பார்த்தார். செல்வராஜ் பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். பாட்டு முடிந்ததும் ஞானதுரை கேட்டார்:

"தம்பி, அந்தச் சின்னத் தட்டு எந்த ஊருச் சரக்கு?"

"அருப்புக்கோட்டைண்ணே."

"அங்க செய்யுதாங்களா?"

"அங்க தேய்க்கிறாங்க" என்றேன்.

இரண்டாவது, மூன்றாவது பாட்டும் அப்படியே போயின. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்று நினைக்கிறேன். நான்காவது பாட்டில் தேவையில்லாத இடத்திலும் ஒன்று போட்டேன். வட்டில் 'டக்' என்றது. கீறல் ஓட்டை வழியாகப் போய் அந்தப் பக்க விளிம்பையும் தொட்டுவிட்டது. ஒரு பாதி காலடியில் விழுந்தது. மற்றப் பாதி மேடையிலிருந்து குதித்து, பந்திக்கு நடுவே உருண்டுபோய், ஒருவர் இலைக்கு முன்னால் சுற்றிச் சுற்றிப் படுத்தது.

பாட்டு நின்றுவிட்டது. பெண்ணுக்கு அத்தை முறையாகும் ஓர் அம்மா அதைக் கையில் எடுத்தார்.

"இது வட்டில்ல? நல்ல காரியத்துல வட்டில் ஒடையலாமா? யாருப்பா கொண்டாந்தது?"

பந்தல் முழுக்க ஒரு முணுமுணுப்பு. பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். நான் காலடியில் கிடந்த பாதியை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன்.

"அது வட்டில் இல்லத்தே. நடுவுல பாருங்க, ஓட்டை இருக்கு. ஓட்டை இருந்தா அதுல ரசம் நிக்குமா?"

அந்த அம்மா அரை ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். என்னிடமிருந்த மற்றப் பாதியை வாங்கிப் பொருத்தி, விரலை விட்டு எடுத்தார். "ஆமா, ஓட்டைதான்" என்றார். "நிக்காது." துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்தியைப் பார்த்து, "அது கொட்டுக்காரக தகரம், நீங்க சாப்பிடுங்க" என்று குரல் கொடுத்தார். பெண்ணின் அப்பா உட்கார்ந்தார். பாக்கியம் அக்கா மட்டும் அந்த ரசக் கணக்கைச் சொல்லித்தராமல் இருந்திருந்தால் நாங்கள் முதுகில் வாங்கிக்கொண்டுதான் திருச்சுழியை விட்டு வந்திருப்போம்.

நான் மேடைக்குத் திரும்பியபோது ஞானதுரை தன் தட்டை என் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார். "நீயே வாசி தம்பி, தட்டுதான் என்னது" என்றார். அவர் விரலால் சும்மா ஒரு சுண்டு சுண்டினார். 'ச்சிஸ்.' மதுரையில் கேட்ட அதே சத்தம், ஒரு பிசிறு இல்லாமல். அந்த விரலைப் பார்த்தேன். அது தட்டைத் தேடவில்லை. தட்டுதான் அதனிடம் வந்த மாதிரி இருந்தது. அவரிடம் குச்சியைக் கொடுத்தேன்.

"இல்லண்ணே. நீங்க உக்காருங்க."

இரண்டாம் பந்தியில் செல்வராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் இலையிலிருந்த வடையை என் இலையில் வைத்தார். "பக்க டிரம்ம மட்டும் வாசிக்கியாலே? கூடவே இரு" என்றார். வடையைத் தின்றேன். "வாரேண்ணே" என்றேன். எங்கள் பக்கம் போகிறவன்தான் அப்படிச் சொல்வான். அவருக்கும் தெரியும்.

இரண்டு பாதியையும் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை ரோட்டில் நடந்தேன். இரண்டு பக்கமும் கரிசல், பருத்தி இன்னும் முளைவிடாத வெறும் காடு. அடிக்கொரு தடவை துண்டுகள் முதுகில் 'டிக் டிக்' என்று இடித்துக்கொண்டு வந்தன. துக்கம் என்று சொல்லமுடியாது. மூன்று பாட்டுக்கு அந்த நாற்காலி என்னுடையதாக இருந்தது. யாரும் இடத்தைப் பிடுங்கவில்லை, நானாக எழுந்தேன். வயிறும் நிறைந்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கடையை அடைந்தேன். அக்கா துண்டுகளை வாங்கிச் சேர்த்துப் பார்த்தார்.

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான்."

சாக்கில் போட்டார். "சத்தமாச்சும் வந்துச்சா?"

"மூணு பாட்டுக்கு வந்துச்சுக்கா."

"சாப்பிட்டியா?"

"ரெண்டாம் பந்தில."

கல்லாவைப் பூட்டிக்கொண்டே, "காலைல வா. பழசு வாங்குற எடத்துல உக்காரு. எனக்கு முன்ன மாதிரி காது இல்ல" என்றார். "ஓடிப்போறவரைக்கும் இரு."

இதோ, நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தேன்; பாளையம்பட்டி டவுன் பஸ்ஸும் வந்துவிட்டது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. பஸ் பாக்கியம் அக்கா கடை இருந்த இடத்தைத் தாண்டித்தான் போகும். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். செல்வராஜ் மிஷினோடு திருப்பூர் போய், அங்கேயே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஆர்மோனியம் என்ன ஆனது என்று தெரியவில்லை. பாத்திரத்தை இப்போது யாரும் தட்டிப் பார்ப்பதில்லை; ஒட்டியிருக்கிற காகிதத்தைப் படித்துப் பார்க்கிறார்கள். அந்த நெசவாளர் தெருவில் இன்றைக்குப் போய் நாள் முழுக்க சேகண்டி அடித்தாலும் ஒரு வீட்டில் உலை இறங்காது. மதுரைச் சத்தமும் ஞானதுரையின் சத்தமும்கூட என் காதை விட்டுப் போய்விட்டன. நினைத்துப் பார்த்தால் வருவது அந்தக் கீறல் வட்டிலின் சத்தம் மட்டும்தான்.

அக்கா அப்படிக் கூப்பிட்ட மறுநாள் விடிந்ததும் சட்டையை மாட்டினேன். கால் பாத்திரக் கடைப் பக்கம் திரும்பியது. நான்கு வருடம் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டிருக்கப்போகிறது என்று அப்போது தெரியாது. பழைய பாத்திரக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். முதல் ஆளாக ஒரு பெண் வந்து மடியிலிருந்து ஒரு வெண்கல மூடியை எடுத்து நீட்டினாள். மூன்று விரலில் ஏந்தி, மடக்கிய விரலால் ஒரு தட்டு தட்டினேன். 'ண்ங்ங்ங்' என்று கிளம்பியது. ஒரு தெருவையே கூட்டிய அதே சத்தம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் கல்லாவிலிருந்து பார்த்தார். நான் அவசரப்படவில்லை. கடைசிவரை கேட்டு, அது தானாக நின்ற பிறகு, "நல்ல மூடி" என்றேன்.